நாடா தைத்த துணி

அத்தியாயம் பதினொன்று

பரிபூரணம் அன்று காலையும் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தவசிமுத்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் அவன் கண்ணில் படாத விஷயம் இது. மதுரைக்குப் போய் வந்தபிறகு அம்மாவின் தட்டைத் தவிர வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

மதுரையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். ஆனால் ஆரம்ப நிலை. இவ்வளவு சீக்கிரத்தில் கண்டுபிடிப்பது நம் பக்கத்தில் அபூர்வம் என்று மதுரை டாக்டர் சொன்னார். அந்த அதிர்ஷ்டத்தை எப்படி ஏற்றுக்கொள்வது என்று தவசிமுத்துவுக்குத் தெரியவில்லை.

அவனுக்கும் அக்கா சண்முகத்தாய்க்கும்தான் இந்த விஷயம் தெரியும். அம்மாவிடம் சொன்னது வேறு. வயிற்றில் புண். சின்னதாக ஓட்டை போட்டுச் சரிசெய்துவிடுவார்கள். அதுவரை அவள் பட்டறைப் பக்கம் வரவே வேண்டாம், வீட்டில் படுத்திருந்தால் போதும்.

"ஏலே, தட்டையே மொறைச்சுப் பாக்கியே. அதுல சினிமாவா ஓடுது?" என்றாள் பரிபூரணம்.

"ஒண்ணாவது சாப்பிட்டா என்ன?"

"சாப்பிட்டா கல்லைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு. புண்ணு ஆறட்டும், அம்புட்டையும் சேத்துச் சாப்பிடுதேன்."

புண் என்று அவள் சொன்னபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அவன் முதுகைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. ராணுவத்திலிருந்த கணவன் உயிரோடு இருந்த காலத்தில், அவன் விடுப்பு முடிந்து கிளம்பும் நாட்களில்கூட அவள் எதையும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் பின்புறமே பட்டறை. ஆஸ்பத்திரித் துணி தயாரிக்கும் இராஜபாளையத்துப் பட்டறைகளில் சிறியது. வெளுத்த சல்லடைத் துணியை வெட்டுவார்கள், மடிப்பார்கள், பாக்கெட்டில் அடைத்து ஒட்டுவார்கள். கிருமி நீக்கும் கேஸ் அறைக்குப் போய்த் திரும்பி வந்த பாக்கெட்டைப் பரிபூரணம் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து அமுக்கிப் பார்ப்பாள். எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தால், கசியும் காற்று கன்னத்தில் தெரியும். தெரிந்தால் அந்தப் பாக்கெட் கழிவுக் கூடைக்குப் போய்விடும். காற்றுப் பட்ட துணி கெட்ட துணி. தவசிமுத்து நடை பழகிய வயதில் கேட்டு வளர்ந்த வார்த்தை அது.

அந்த வார்த்தைதான் இப்போது அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவின் தங்கை குருவம்மாளுக்கும் இதே நோய் வந்து வயிற்றைத் திறந்தார்கள். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். அடுத்த பங்குனி வருவதற்குள் அவள் போய்விட்டாள். காற்றுப் பட்டுப் பரவிவிட்டது என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வேறு யாரும் அதை நம்பினார்களோ இல்லையோ, தவசிமுத்து நம்பினான்.

ஆகவே மதுரை டாக்டர், சிறுதுளைகள் போட்டுக் கேமராவை விட்டு, டி.வி.யில் பார்த்தபடியே இரைப்பையின் பகுதியை எடுக்கலாம் என்று சொன்னதும் அவனுக்கு உயிர் வந்தது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தான்.

சண்முகத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. 'ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயாதுரை டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்போம், நீ வா' என்று போனில் சொல்லிவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

"நான் அக்காவைப் பாத்துட்டு வாரேன்" என்றான் தவசிமுத்து.

"திடீர்னு என்ன அக்கா மேல பாசம்?"

"ஒரு சோலியா."

"சரி. போயிட்டு வா" என்றாள் அவள்.

---

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் சண்முகத்தாய் குடையோடு நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் சாக்குக்கட்டித் தூள்.

"ஏலே, பஸ்ஸுல வந்தியா, பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வந்தியா?"

"வழியில ரயில் கேட் சாத்திட்டான்க்கா."

"உனக்குன்னு சாத்துவான். நட."

அதற்குப் பிறகு நர்சிங் ஹோம் வரும்வரை இருவரும் பேசவில்லை. சின்ன வயதில் சண்டை போட்டால் இப்படித்தான் நடப்பார்கள். அவள் முன்னால், அவன் நாலு அடி பின்னால்.

டாக்டர் ஐயாதுரை மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊரில் சிறிய நர்சிங் ஹோம் வைத்திருந்தார். மதுரையிலிருந்து கொண்டுவந்த படங்களையும் காகிதங்களையும் பொறுமையாகப் பார்த்தார். தவசிமுத்து அவருடைய புருவங்களையே படித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நேரத்துல கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். "இரைப்பையில கீழ்ப்பாகத்தை எடுத்துட்டு, மிச்சத்தைக் குடலோட சேர்த்துத் தைக்கணும். நான் செஞ்சா திறந்துதான் செய்வேன்."

"திறக்க வேண்டாம் சார்" என்றான் தவசிமுத்து. சற்று அதிகமான வேகத்தில் வந்துவிட்டது.

"ஏன் தம்பி?"

"காத்துப் பட்டா பரவிரும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம் சார். எங்க சித்திக்கு அப்படித்தான் ஆச்சு. எங்க தொழில்லயும் அதான். பிரிச்ச பாக்கெட்டை மறுபடி ஒட்டி விக்க முடியுமா?"

"உங்க தொழில்ல அது சரி. மனுஷ வயிறு பாக்கெட் இல்ல தம்பி. உங்க சித்திக்குத் திறக்கும்போதே எல்லா இடத்துக்கும் போயிருக்கும். எடுக்க வழியில்லாமத்தான் மூடியிருப்பாங்க. காத்து என்ன பண்ணும், பாவம்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, அந்தச் சின்ன ஓட்டை வழியா முதல்ல என்ன உள்ள போகுது, தெரியுமா?"

"கேமரா."

"அதுக்கு முன்னாடி. காத்து. கரியமில வாயு. வயித்தைப் பலூன் மாதிரி ஊதினாத்தான் உள்ளே பார்க்க இடம் கிடைக்கும்."

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இடத்தில் சிரித்துவிட்டோமே என்று குடையின் கைப்பிடியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

தவசிமுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாளும் அவன் பிடித்துத் தொங்கிய கயிறு, அந்தப் பக்கம் எதிலும் கட்டப்படாமல் கிடந்திருக்கிறது.

"அந்த முறை தப்புன்னு நான் சொல்லலை" என்றார் டாக்டர். "பித்தப்பைன்னா நானே மதுரைக்கு அனுப்பிடுறேன். ஜப்பான்ல இரைப்பைக்கும் அப்படிச் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. தழும்பு சின்னது, வலி கம்மி, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். வருங்காலத்துல எல்லாரும் அப்படியே செய்யலாம். ஆனா உங்கம்மாவுக்கு இந்த வாரம் செய்யணும். இரைப்பையைச் சுத்தி நெறிக்கட்டிகள் இருக்கும். சீக்கு அதுலதான் முதல்ல போய் ஒளியும். ஆரம்பமா இருந்தாலும் அதையும் சேர்த்து வழிச்சு எடுத்துடணும். தொட்டுப் பார்த்தா என் விரலுக்குத் தெரியும். கேமராவுக்கு விரல் கிடையாது."

"அப்ப நீங்க செஞ்சா பயமில்லையா சார்?" என்று சண்முகத்தாய் கேட்டாள்.

"பயமில்லாம எந்த வயித்தைத் திறக்கிறது? பெரிய கீறல். இருமினா வலிக்கும். சளி கட்டலாம். தையல் போட்ட இடம் பிரியலாம். அந்த டாக்டர்கிட்டப் போனா அதுல பாதி இருக்காது. ஆனா அவர் இரைப்பையில எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கார்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்க மாட்டார்." பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "அம்மா என்ன சொல்றாங்க?"

அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் படங்களை அடுக்கி அவனிடம் கொடுத்தார்.

"சரி" என்று எழுந்தார். "முந்தாநாள் உங்க பட்டறைப் பெட்டி வந்துருச்சு. நாளைக்குக் காலையில ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன். உங்கம்மா துணிதான். அவங்க துணின்னா எனக்கு ஒரு நிம்மதி."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்தப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. மேலே பட்டறையின் பெயர். தவசிமுத்து அதைக் கடந்து வந்தான்.

வெளியே வெயிலில் சண்முகத்தாய் குடையை விரிக்க மறந்து நின்றாள்.

"அம்மாட்டச் சொல்லிரணும்லே."

"சொன்னா தாங்காது."

"யாருக்கு? அவளுக்கா, உனக்கா?"

அவன் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தான். சிறிது தூரம் கூடவே நடந்தபின் சண்முகத்தாய் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எந்த டாக்டர்னாலும் சரி. நம்ம அம்மா வயித்துக்குள்ள நம்ம துணிதான் போகணும். இன்னைக்கே ஒரு கட்டு தனியா எடுத்து வச்சிரு."

அது அந்த வீட்டு வழக்கம். சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் பரிபூரணம் தன் கையால் துணி எடுத்து, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்புவாள். கல்யாணத்துக்குச் சீர் அனுப்புவதைப் போல. இந்த முறை அந்தப் பையை யார் எடுப்பது என்று அதுவரை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

---

அவன் திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமில்லை. அம்மா தூங்குகிறாள் என்று நினைத்தான். பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அலமாரியைத் திறந்தான். சிறிய மடிப்புகள் ஒரு தட்டில். தீக்காயத்துக்கான அகலத் துணிகள் ஒரு தட்டில். கீழ்த்தட்டில், இன்னும் கேஸ் அறைக்குப் போகாத தடித்த சதுரத் துணிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நீளமான நாடா தைத்திருக்கும். திறந்த வயிற்றுக்குள் குடலை ஒதுக்கிப் பிடிக்க வைக்கும் துணி அது. ரத்தத்தில் ஊறினால் துணி எது, சதை எது என்று தெரியாது. நாடா மட்டும் வெளியே தொங்கும். உள்ளே ஒன்று இருக்கிறது, மறக்காமல் எடு என்று அது சொல்லும்.

அதில் ஒரு கட்டு எடுத்து மஞ்சள் பையில் வைத்தான்.

"யாருக்குலே ஆபரேஷன்?"

பரிபூரணம் வாசலில் நின்றிருந்தாள்.

"ஆர்டர்ம்மா."

"ஆர்டருக்கு அட்டைப்பெட்டியிலல்லா போடுவோம். மஞ்சப்பை சொந்தக்காரவுகளுக்கு." உள்ளே வந்து பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "நாடாத் துணி."

அவன் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தான்.

"புண்ணுன்னு சொன்னே. ஓட்டை போட்டுச் சரிபண்ணுவாகன்னு சொன்னே. ஓட்டைக்கு எதுக்குலே நாடாத் துணி? இது வயித்தைத் திறந்தாத்தானே உள்ள போகும்?"

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். ஒரு தூக்குச்சட்டி மூடி விழுந்து உருண்டது.

"குருவுக்கு வந்ததா எனக்கு?" என்று பரிபூரணம் கேட்டாள்.

அவன் ஆமென்று தலையை அசைத்தான். பிறகு அவசரமாக, "ஆரம்பம்தான். சத்தியமா ஆரம்பம்தான்" என்றான்.

அவள் மடிப்பு மேசையருகே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பாக்கெட்டை எடுத்து, பழக்கத்தில் கன்னத்தில் வைத்து அமுக்கினாள். கசியவில்லை. கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டதையும் மதுரையில் கேட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். காற்றைப் பற்றித் தான் நினைத்திருந்ததைக்கூடச் சொன்னான். அவள் பாக்கெட்டுகளை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

முடித்ததும் கேட்டாள்: "அதுக்காகத்தான் சின்ன ஓட்டைங்கியா?"

"ஆமா."

"கூறுகெட்டவனே. ஊசி ஓட்டை விழுந்த பாக்கெட்டு, கிழிஞ்ச பாக்கெட்டு ரெண்டும் நமக்கு ஒரே கூடைதானேலே? ஓட்டை சின்னதுங்கிறதுக்காக என்னைக்காவது ஒண்ணை நான் பாஸ் பண்ணியிருக்கேனா?"

அந்த வருத்தத்திலும் அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அவளும் வாயோரத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளிடம் நிற்காமல் போய்விட்டது.

"குருகிட்ட யாரும் சொல்லலை" என்றாள். "கடைசிவரை வயித்துக்கட்டின்னே நினைச்சுக்கிட்டுப் போனா. பக்கத்துல உக்காந்து நானும் ஆமா ஆமான்னேன்."

முன்னறையில் தொலைபேசி மணி அடித்தது. ஐந்து மணிவரை பொறுக்காமல் மதுரை டாக்டரே கூப்பிட்டிருந்தார். தவசிமுத்து போய் எடுத்து, "சொல்லுங்க டாக்டர்" என்றான். பின்னாலேயே வந்த பரிபூரணம் கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கம் டாக்டர். பரிபூரணம் பேசுதேன். சீக்கு எனக்குத்தான்."

மறுபுறத்தில் சிறிய தடுமாற்றம் தெரிந்தது.

"இரைப்பையில இந்த மாதிரி எம்புட்டு பேருக்குப் பண்ணியிருக்கீக?"

பக்கத்தில் நின்ற தவசிமுத்துவுக்கு அந்த இளம் குரல் மங்கலாகக் கேட்டது. "பித்தப்பை நிறையச் செஞ்சிருக்கேம்மா. இரைப்பையில ரெண்டு பேருக்கு. ஒருத்தருக்கு முழுசா முடிஞ்சது. இன்னொருத்தருக்கு நடுவுல திறக்க வேண்டியதாயிடுச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"நடுவுல திறந்தா நாடாத் துணி வேணும்லா?"

"ஆமாம்மா. எப்பவும் தயாராப் பக்கத்துல வச்சிருப்போம்."

"மறைக்காமச் சொன்னீக. நல்லாருப்பீக தம்பி. யோசிச்சுச் சொல்லுதேன்."

வைத்துவிட்டு நெடுநேரம் அந்தக் கருப்பு ரிசீவரின் மேலேயே கையை வைத்திருந்தாள். அவள் எதை யோசிக்கிறாள் என்று தவசிமுத்துவுக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று முதல்முறையாக அவனுக்குத் தெரிந்தது.

"நல்ல பையன்" என்றாள் கடைசியில். "ஆனா ரெண்டு பேர் பத்தாது. நான் ஐயாதுரை டாக்டர்கிட்டயே படுத்துக்கிடுதேன். உள்ள உள்ளது அம்புட்டும் வெளிய வரணும். தழும்பைப் பாத்து எவன் என்னைப் பொண்ணு பாக்க வரப்போறான்?"

"அம்மா..."

"அழாதே. அந்தப் பையை எடு. என் வயித்துக்குப் போறதை நான்தான் பாக்கணும்."

பட்டறைக்குத் திரும்பினார்கள். பையிலிருந்த கட்டைப் பிரித்தாள். மேலே இருந்த துணியை எடுத்து விரித்து, வெளிச்சத்தில் பிடித்தாள். நெசவு சரி. மடிப்பு சரி. பிறகு மூலையில் இருந்த நாடாவை விரலில் சுற்றி, எப்போதும் இழுப்பதைப் போல ஒரு சுண்டு சுண்டினாள்.

நாடா கையோடு வந்துவிட்டது.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் வந்துவிட்டது.

மூன்றாவது துணியின் நாடா நின்றது. ஆனால் அதற்குள் தவசிமுத்துவுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. அம்மாவை வீட்டில் படுக்கவைத்த அந்த நாட்கள். அவசர ஆர்டர். நாடாவை மடித்து இரட்டைத் தையல் போட்டால் நேரமாகிறது என்று தையல்காரி பிச்சையம்மாள் வந்து நின்றது. மனம் முழுவதும் மதுரையில் இருக்க, 'ஒத்தைத் தையலே போதும், நாடா சும்மா அடையாளத்துக்குத்தானே' என்று அவன் சொன்னது.

"நான் படுத்துக் கிடந்தப்ப தைச்சதா?" என்று பரிபூரணம் கேட்டாள்.

"ஆமா."

"இதுல எங்கெல்லாம் போயிருக்கு?"

தியேட்டர் வாசலில், மேலே பட்டறையின் பெயரோடு, பிரிக்காமல் இருந்த அந்தப் பெட்டி அவன் கண்முன் வந்து நின்றது. நாளைக் காலையில் யாரோ ஒரு பெண்ணின் வயிறு. அதற்குள் ஒரு துணி. வெளியே தொங்க வேண்டிய நாடா.

"ஒரு பெட்டிதான்ம்மா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. ஐயாதுரை டாக்டருக்கு. நாளைக்குக் காலையில ஒரு பொம்பளைக்கு ஆபரேஷன்."

அவளுடைய முகம் அப்போதுதான் மாறியது. தன் நோயைக் கேட்டபோது மாறாத முகம்.

தவசிமுத்து ஓடிப்போய்த் தொலைபேசியைச் சுழற்றினான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினான். அதே மணி.

திரும்பி வந்தபோது பரிபூரணம் செருப்பை மாட்டியிருந்தாள். கேஸ் அறைக்குப் போய் வந்த, இரட்டைத் தையல் போட்ட பழைய சரக்கை, மேசையடியிலிருந்து தானே இழுத்து மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குனியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் தாங்கப் போனான். தள்ளிவிட்டாள்.

"நீ இருந்துக்கோம்மா. நான் மட்டும் போய்ப் பெட்டியை மாத்திட்டு வாரேன். நீ இப்ப அந்த ஆஸ்பத்திரிக்கு..."

"சீக்காளியா நாளைக்குப் போறேன்லே" என்றாள் பரிபூரணம். பிய்ந்து வந்த இரண்டு நாடாக்களும் அவள் முஷ்டியில் இருந்தன. "இன்னைக்கு எனக்கு வேற சோலி இருக்கு. சரக்கு வண்டியை எடு."